கோதுமை விளையாத சீமையில்

கேள்வி: கோதுமை விதை, வைக்கோல், தவிடு மூன்றையும் பக்குவப்படுத்தி அறிவியல் என்னென்னவோ செய்கிறதாமே? கோதுமையே விளையாத அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் எங்களுக்கு அதில் என்ன பங்கு?

பதில்: கோதுமை இருந்த இடத்தில் சோளத்தை வையுங்கள், முழுப் பங்கும் உங்களுக்குத்தான்! மழைக்கு முன்பே கரிசல் புழுதியில் விதைக்கிற துணிச்சல்காரர்கள் நீங்கள். லிட்டருக்கு 20 கிராம் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் கரைத்த நீரில் சோள விதையை 6 மணி நேரம் ஊறவைத்து, பழைய ஈரப்பதம் வரும்வரை நிழலில் உலர்த்துங்கள். உள்ளே நொதிகள் விழித்துக்கொள்ளும், முளை வெளியே வராது. விதைக்கு ஒத்திகை முடிந்துவிட்டது; மழை மணியடித்ததும் மேடையேறிவிடும். நடுவில் வானம் கொஞ்சம் ஏமாற்றினாலும் தாங்குகிற திறனும் கூடும். உங்கள் கோவிலாங்குளத்திலேயே வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அவசியம் போய்க் கேளுங்கள்.

அடுத்து மாட்டுக்குப் போடும் வைக்கோல்: 100 கிலோவுக்கு 4 கிலோ யூரியாவை நீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் 3 வாரம் மூடிவைத்தால் நார் இளகும், புரதம் கூடும். யூரியாவைத் தனியாக மாடு நக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், உயிருக்கே ஆபத்து. கடையில் வாங்கும் கோதுமைத் தவிட்டிலோ, பருத்தி வேரழுகலை அடக்கும் டிரைக்கோடெர்மா பூஞ்சை செழித்து வளரும்.