மூத்தவள் யார்? முத்தியால்பேட்டை இரட்டையர் இல்லம் ஒன்றில் நிகழ்த்திய கள ஆய்வு

ஒரே நாளில் பிறந்த இருவரில் அக்கா யார் என்பது அறிவுலகம் இன்னும் தீர்க்காமல் விட்டுவைத்திருக்கும் சிக்கல். ஐயமுள்ளவர்கள், சாயங்காலம் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்தியபின், இரட்டைப் பெண்பிள்ளைகளோடு காந்தி சிலைவரை நடந்து பார்க்கலாம். "ரெட்டையா?" என்பார்கள். தலையாட்டி முடிப்பதற்குள் அடுத்தது வரும்: "யாரு பெரியவ?" என்ன படிக்கிறார்கள் என்று எவரும் கேட்பதில்லை.

இவ்வாய்வின் மாதிரிகள் ஒன்பது வயதுப் பெண்கள் இருவர், ஆய்வாளரின் மகள்கள். ஆய்வு அறம் கருதிப் பெயரை மறைத்து 'அ', 'ஆ' எனக் குறிக்க முயன்றபோது, தனக்கு மட்டும் ஏன் இரண்டாவது எழுத்து என்று ஒருத்தி சண்டைக்கு வந்தாள். நெடிய பேச்சுவார்த்தைக்குப் பின் 'ற', 'ன' என்று முடிவானது. நெடுங்கணக்கில் எது முன்னால் வரும் என்பது இருவருக்கும் நினைவில்லை.

முன்னோர் கருத்துகளைச் சுருக்கமாகப் பார்ப்போம். நகுலனை மூத்தவன் என்று சொல்லிவிட்டு மகாபாரதம் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறது. நைஜீரியாவின் யொரூபா மக்கள் ஆழமாக யோசித்திருக்கிறார்கள். அவர்கள் வழக்கில் முதலில் பிறக்கும் 'தைவோ' இளையது. உலகம் எப்படியிருக்கிறது என்று பார்த்துவரச் சொல்லி அதை அனுப்பிவிட்டு, நிதானமாகப் பின்னால் வரும் 'கெஹிந்தே'தான் மூத்தது. வேலை ஏவுகிறவரே மூத்தவர் என்னும் இக்கொள்கைக்கு என் மாமியார் வீட்டில் நல்ல ஆதரவு உண்டு.

புதுச்சேரிக்கோ இந்தத் துறையில் தனித்தகுதி இருக்கிறது. 1804இல் நெப்போலியன் காலத்தில் வந்த பிரெஞ்சு சிவில் சட்டம், அதன் 57ஆம் பிரிவில், பிறப்புப் பதிவில் நாளோடு மணியையும் எழுதச் சொன்னது. அம்முறைப்படி பதிவான இரட்டையருக்கு மூப்பு சர்க்கார் அத்தாட்சியோடு கிடைத்தது. இந்தியச் சான்றிதழில் தேதி மட்டும்தான். எங்கள் வீட்டில் இருக்கும் ஒரே ஆவணம், தாத்தா தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் கிறுக்கிவைத்த இரண்டு நேரங்கள். அதன்படி 'ற' நான்கு நிமிடம் மூத்தவள். நவாம்ச லக்னமே சுமார் பதின்மூன்று நிமிடத்துக்கு ஒருமுறைதான் மாறும், நாலு நிமிடத்தை வைத்து என்ன பலன் சொல்வது என்று ஜோசியர் கைவிரித்துவிட்டார்.

வேடிக்கை என்னவென்றால், மணியை அவ்வளவு கவனமாக எழுதி வாங்கிய அதே சட்டம், சொத்து என்று வந்தால் பிள்ளைகளில் ஆண், பெண், மூத்தவர், இளையவர் பேதமே கிடையாது என்றது. 1881ஆம் ஆண்டு ஆணைப்படி சொந்த வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்கு மாறிய புதுச்சேரிக் குடும்பங்களில் தலைப்பிள்ளைக்கும் கடைக்குட்டிக்கும் சம பங்கு. ஆக, மூப்பு பதிவேட்டில் இருக்கும். கையில் காசாக வராது.

எங்கள் வீட்டில் அது காசாக வருகிறது என்பதே இவ்வாய்வின் கண்டுபிடிப்பு. பஸ்ஸில் ஜன்னலோர சீட்டு, அம்மாவின் போன், முதல் தோசை ஆகியவை வழங்கப்படும் வேளையில் வீட்டில் இரண்டு அக்காக்கள். தோசைப் பிரச்சினையை ஒழிக்க என் மனைவி ஒரே கல்லில் இரண்டு குட்டித் தோசை ஊற்றி, ஒரே சமயத்தில் எடுத்து, இரண்டு தட்டிலும் போட்டாள். எதன் ஓரம் முதலில் சிவந்தது என்று வழக்கு தொடர்ந்தது. தயிர் வாங்கக் கடைக்குப் போகவேண்டும், விருந்தாளிக் குழந்தைக்குப் பொம்மையை விட்டுக்கொடுக்கவேண்டும் என்றாலோ காலண்டர் தாள் செல்லாது என்று முதலில் அறிவிப்பவள் 'ற'தான். "கெஹிந்தேதான் அக்கான்னு நீதானப்பா சொன்ன?" என்று என் முன்னாய்வையே எனக்கு எதிராக எடுத்துக்காட்டுகிறாள். நைஜீரியாவெல்லாம் நம்ம ஊரில் செல்லாது என்கிறாள் 'ன'.

இதை எழுதிக்கொண்டிருக்கையில் மாடித் தொட்டி நிரம்பி வழிகிறது. மோட்டாரை நிறுத்தவேண்டியது அக்காவின் பொறுப்பு. வீட்டில் தற்சமயம் இரண்டு தங்கைகள்தான் இருக்கிறார்கள்.