மருமோனுக்குக் கொஞ்சம் கடைப்புத்தி

மருமோன், அமெரிக்கா போய் வந்த நாளிலையிருந்து உன்ரை வாயிலை மினசோட்டாவின்ரை 'மோல் ஒஃப் அமெரிக்கா'தான். உள்ளுக்கை ரோலர் கோஸ்ரர் ஓடுதாம். வெளியிலை பனி கொட்டினாலும் அரைக்கைச் சேட்டோடை திரியலாமாம். நல்லது, திரி. ஆனால் ஜேர்மன்காரன்ரை கடைத்தெரு பட்டிக்காடு எண்டு சொன்னாய் பார், அதுக்குத்தான் இந்தக் கிழவன் வாய் திறக்கிறன்.

உந்த மோலுக்கு அப்பன் ஆர் தெரியுமோ? விக்டர் குரூன். வியன்னாவிலை பிறந்த யூதர். 1938இலை ஹிட்லருக்குத் தப்பி அமெரிக்கா போனவர். 1956இலை சவுத்டேல் எண்டு, முழுக்கக் கூரை போட்ட முதல் மோலைக் கட்டினது அவர்தான். நீ வாய் பிளந்து நிண்ட இடத்துக்குக் கிட்டத்தான் அது. சுத்திவர வீடு, பள்ளிக்கூடம், பூங்கா எண்டு ஒரு குட்டி வியன்னாவையே மனுசன் மனசிலை வைச்சிருந்தார். முதலாளிமார் கடையையும் கார் விடுற வெளியையும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டிட்டினம். கடைசியிலை வியன்னாவுக்குத் திரும்பி, உதுகள் தன்ரை பிள்ளையளே இல்லையெண்டு கையைக் கழுவிப்போட்டார். அங்கையும் 1976இலை ஊருக்குத் தெற்கை ஒரு பெரிய மோல் முளைச்சுது! விதி ஆரை விட்டுது?

இனி ஜேர்மன்காரனைப் பார். குண்டு விழுந்து தரைமட்டமான காசல் நகரத்திலை 1953இலேயே ரெப்பன்ஸ்ட்ராச எண்டு காரில்லாத படிக்கட்டுத் தெருவைப் போட்டிட்டாங்கள். அமெரிக்கன் தெருவைக் கூரைக்குள்ளை கொண்டு போனான், இவங்கள் தெருவிலையிருந்து காரைக் கலைச்சாங்கள். எது புத்தியெண்டு நீயே சொல்லு, நீதானே படிச்சனி.

சரி, மோல் இல்லாமல் இருக்கேலாது எண்டால் ஓபர்ஹவுசனுக்குப் போ. பழைய இரும்பாலை நிண்ட நிலத்திலை 1996இலை திறந்த சென்ட்ரோ இருக்கு. திறக்கேக்கை கார் விடக் காசில்லை எண்டுதான் ஆளைக் கூப்பிட்டவங்கள். தூண்டிலிலை புழுவும் இலவசந்தான் மோனை. கனக்க மோலிலை வடிவாய்ப் பார்: மேலை ஏத்துற படி ஒரு தொங்கலிலை, இறக்கிற படி மற்றத் தொங்கலிலை. நடுவிலை கடையளைத் தாண்டித்தான் நடக்கோணும். கண்ணிலை மணிக்கூடு படாது. ஒரு சோடி காலுறை வாங்கப் போன நீ மூண்டு பையோடை வருவாய்.

அந்த ஊரிலேயே மார்க்ட்ஸ்ட்ராச எண்டு பழைய கடைத்தெரு ஒண்டு இருக்கு. சென்ட்ரோ வந்தாப் பிறகு அங்கை நல்ல கடையள் ஒண்டொண்டாய்ப் பூட்டுப்பட்டுது. மோலை மட்டும் திட்டேலாது, சொல்லிப்போட்டன். கட்டிலிலை கிடந்துகொண்டு போனிலை சப்பாத்து எடுப்பிச்சு, அளவில்லையெண்டு திருப்பி அனுப்பிற உனக்கும் உதிலை பங்கிருக்கு. கலேரியா எண்ட அவ்வளவு பெரிய கடைக் கூட்டமே 2020இலையிருந்து ஒருக்கால் இல்லை, மூண்டுதரம் முறிஞ்சுது.

நான் போறது சந்தைக்கு. முடியிற நேரமாய்ப் பார்த்துப் போகோணும். துருக்கிக்காரன் கூடாரக் கம்பியைக் கழட்டிக்கொண்டே குரல் குடுப்பான். காலமை ஒரு பெட்டிக்குச் சொன்ன விலைக்கு இப்ப மூண்டு பெட்டி தக்காளி. நான் அப்பவும் யோசிக்கிற மாதிரி முகத்தை வைச்சுக்கொண்டு நிற்பன். பேசாமல் ஒரு பிடி கொத்தமல்லியைப் பைக்குள்ளை செருகிவிடுவான். உன்ரை மோலிலை ஆர் செருகுவான்?

கோடையிலை ஹம் நகரத்துக் காமாட்சி அம்மன் தேருக்கு வந்து பார். 2002இலை குடமுழுக்குக் கண்ட கோயில். தேர் ஓடுற அண்டைக்கு அந்தத் தொழிற்சாலைப் பக்கத்துத் தெருவே கடைத்தெருவாகும். சீலை, காப்பு, பலகாரம், மாம்பழம். உன்ரை மனிசி விலை பேசிற வடிவை அங்கைதான் பார்க்கலாம். மோலிலை அவவுக்கு வாயைத் திறக்க வேலையில்லை.

சனிக்கிழமை வெளிக்கிட்டு வா, சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போறன். ஞாயிறு வராதை. மோலும் பூட்டு, தெருவும் பூட்டு. 1919ஆம் ஆண்டு வைமார்க் குடியரசின்ரை அரசியலமைப்பிலை எழுதின ஞாயிறு ஓய்வை இண்டைக்கும் அரசியலமைப்பிலை வைச்சிருக்கிறாங்கள். உன்ரை பாங்க் காட்டுக்கு லீவு கிடைக்கிறது அந்த ஒரு நாள்தான்.