டாக்டரை நம்பாத இடுப்பு

திருத்தணிப் பக்கம் ஒரு வகை மனிதர் உண்டு. வயது ஐம்பதைத் தொட்டிருக்கும். எழுந்திருக்கும்போது ஒரு கை தானாக இடுப்புக்குப் போகும்; உட்காரும்போது வாய் தானாக 'முருகா' என்னும். இரண்டுக்கும் நடுவே, யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும், "டாக்டருகிட்ட மட்டும் போயிடாதீங்க" என்று ஓர் உபதேசம் வந்து விழும். பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டைத் தறிக்காரருக்கு முதுகு வலித்தால் காரணம் எதிரிலேயே தறியாக நிற்கும். நம்மவருக்கு அந்த வசதி இல்லை. மூட்டை தூக்கவில்லை, வண்டியிலிருந்து விழவில்லை. ஒருநாள் காலையில் பல் தேய்க்கக் குனிந்தார், பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து விட்டு விட்டு வருகிறது. படிக்காதவர், பத்தாம்பசலி என்றெல்லாம் இவரை எடைபோட்டுவிடக் கூடாது. தினம் பேப்பர் படிப்பவர். பேரனுக்குத் தடுப்பூசி போடும் தேதியை மறக்காதவர். வீட்டு மாடு ஒருவேளை தீவனம் எடுக்காவிட்டால் கால்நடை டாக்டருக்கு உடனே போன் போகும். மாட்டு டாக்டர் மேல் இருக்கும் நம்பிக்கை மனுஷ டாக்டர் மேல் ஏன் இல்லை என்று கேட்டால், "மாடு என்ன விலை விக்குது தெரியுமா?" என்று திருப்பிக் கேட்பார்.

இவரைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். ஆனால் மருத்துவ ஆய்வுகளைப் புரட்டினால் சிரிப்பு பாதியில் நின்றுபோகும். அவற்றில் பல இவர் கட்சி. உலகத்தில் இடுப்பு வலிக்காரர்கள் 2020-இல் 61.9 கோடிப் பேர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. பத்தில் ஒன்பது பேருக்கு இன்ன எலும்பு, இன்ன நரம்பு என்று விரல் வைத்துக் காட்டும்படியான காரணம் அகப்படுவதில்லை என்பதையும் அதுவே ஒப்புக்கொள்கிறது. சரி, ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடாதா? வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு 2015-இல் வந்தது. ஒரு சிணுங்கல்கூட இல்லாத ஐம்பது வயதுக்காரர்களில் நூற்றுக்கு அறுபது பேருக்கு டிஸ்க் பிதுங்கியிருந்தது. ஆக, 'எல்4-எல்5 பல்ஜ்' என்று ரிப்போர்ட்டில் அச்சாகி வருவது பல சமயம் தலைநரைக்குச் சமானமான சங்கதி. மாத்திரை? 2014-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் 1,652 பேரை மூன்று பிரிவாக்கி, இரண்டு பிரிவுக்கு பாரசிட்டமாலும் ஒரு பிரிவுக்கு வெறும் மாவு மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். பாரசிட்டமால் சாப்பிட்டவர்கள் பொதுவாக 17 நாளில் தேறினார்கள். மாவு சாப்பிட்டவர்கள் 16 நாளில். போதாக்குறைக்கு, இந்தியாவில் ஒரு நோயாளியிடம் டாக்டர் செலவிடும் நேரம் சராசரியாக இரண்டு நிமிடம் சொச்சம் என்று 2017-இல் வந்த பன்னாட்டு ஒப்பீடு ஒன்று சொன்னது. 'ஸ்கேன் எடுன்னுவான், மாத்திரை எழுதுவான், மூஞ்சியக்கூடப் பாக்கமாட்டான்' என்று நம்மவர் அலுத்துக்கொள்வதில் மரியாதையைத் தவிர மற்றதெல்லாம் சரியாகவே இருக்கிறது.

அப்படியானால் இவரிடம் கோளாறு எங்கே? சந்தேகப்பட்டதில் இல்லை. அந்தச் சந்தேகத்தைக் கிளினிக் வாசலிலேயே செருப்போடு விட்டுவிட்டு மற்ற வாசல்களுக்குள் வெறுங்காலோடு நுழைந்துவிடுகிறாரே, அங்கே இருக்கிறது. டாக்டர் எழுதிய மாத்திரையைப் பிரித்து முன்னும் பின்னும் திருப்பி, 'இது கிட்னிய அடிக்கும்' என்று ஒதுக்கி வைப்பவர், மெடிக்கல் ஷாப்புப் பையன் பட்டையிலிருந்து கத்தரித்து, காகிதத்தில் மடித்து, 'காலைல ஒண்ணு நைட்டு ஒண்ணு' என்று நீட்டுவதைப் பெயர்கூடக் கேட்காமல் விழுங்குகிறார். வயிற்றையும் சிறுநீரகத்தையும் உண்மையிலேயே கெடுக்கக்கூடிய வலி மாத்திரைகள் பெரும்பாலும் அந்த மடிப்பில்தான் இருக்கும். பிறகு தைலம், அதன்மேல் வாதநாராயணன் இலை ஒத்தடம், அதன்மேல் பெல்ட். அந்த பெல்ட்டைக் கட்டாதே என்று 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாட்பட்ட இடுப்பு வலிக்கான வழிகாட்டியிலேயே சொல்லிவிட்டது. நம்மவர் அதைக் குளிக்கும்போது மட்டும் கழற்றுகிறார். இரட்டைப் பிள்ளை பெற்ற அம்மா சுளுக்கு வழித்தால் போகும் என்றார்கள், வழித்துக்கொண்டார். தாய் வயிற்றிலிருந்து கால் முன்னே வந்து பிறந்தவர் மிதித்தால் பிடிப்பு விடும் என்றார்கள், குப்புறப் படுத்தார். மிதித்தவரிடம் படிப்பு என்ன, அனுபவம் எத்தனை வருடம், பக்க விளைவு உண்டா என்று ஒரு கேள்வி கேட்டிருப்பாரா? பிறந்த விதமே தகுதிச் சான்றிதழ்.

கேள்வி ஏன் எழவில்லை என்பதற்கு என் கணக்கில் முக்கியமான காரணம் ஒன்றுண்டு. நல்ல டாக்டர் இந்த வலிக்குப் பெயர் வைக்கமாட்டார். தொட்டுப் பார்த்து, காலைத் தூக்கச் சொல்லி, "பயப்படும்படி ஒண்ணுமில்லைங்க, தானா சரியாயிடும், நடங்க" என்பார். மருத்துவம் சொல்லக்கூடியதிலேயே நேர்மையான வாக்கியம் அது. நம்மவர் காதில் அது, 'உனக்கு ஒன்றுமில்லை, சும்மா நடிக்கிறாய்' என்று போய் விழுகிறது. ராத்திரி புரண்டு படுக்க முடியாதவனிடம் ஒன்றுமில்லை என்றால் கோபம் வராதா? அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டா போகும் ரயில் பாதையில், திருத்தணி தாண்டியதும் வேங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை என்று ஒரு நிலையம் வருகிறது. ஊர் சின்னது, பெயர்ப் பலகை பெரிது. தன் வலிக்கும் அந்த நீளத்துக்கு ஒரு பெயர் வேண்டும் என்றுதான் நம்மவர் அலைகிறார். டாக்டர் தர மறுத்ததைத் தைலக்காரர் வாய் நிறையத் தருகிறார்: "நைனா, இது வாயு. முதுகுல போய் உக்காந்துக்கிச்சு." வாயு எந்த வழியாகப் போனது, எதன்மேல் உட்கார்ந்தது என்பதெல்லாம் அப்புறம். பெயர் கிடைத்துவிட்டது, பாதி வலி அங்கேயே இறங்கிவிடுகிறது.

கடைசியில் எல்லாப் பாதையும் புத்தூருக்குப் போகும். 1960 ஏப்ரல் முதல் தேதி, ம.பொ.சி. போன்றவர்களின் போராட்டத்துக்குப் பிறகு, திருத்தணி ஆந்திரத்திலிருந்து பிரிந்து அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. மண் இந்தப் பக்கம் வந்துவிட்டது; எலும்பு மட்டும் அந்தப் பக்கமே விசுவாசமாக நின்றுவிட்டது. நகரி தாண்டினால் புத்தூர். கை ஒடிந்தாலும் கால் ஒடிந்தாலும் தாத்தா காலத்திலிருந்து அங்கேதான் கட்டு. அந்தக் கட்டைக் கிண்டல் செய்ய எனக்கு மனமில்லை. ராஜு குடும்பத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கிய வைத்தியம் அது. பச்சிலை விழுது, முட்டையின் வெள்ளைக்கரு, மூங்கில் பத்தை, துணி என்று சுற்றி இறுக்கினால் முறிந்த எலும்பு ஆடாமல் அசையாமல் இருக்கும். ஆடாமலிருந்தால் எலும்பு தானே கூடிவிடும். மாவுக்கட்டின் தத்துவமும் அதுவேதான். சிக்கலில்லாத முறிவுக்கு அது பலித்திருக்கிறது என்பதால்தான் தமிழ்நாடு முழுக்க 'புத்தூர் கட்டு' என்று போர்டு தொங்குகிறது. ஆனால் நம்மவருக்கு எலும்பு முறியவில்லையே! முறிந்த எலும்புக்கு அசையாமை மருந்து. காரணம் தெரியாத இடுப்பு வலிக்கு அசையாமை தீனி. படுத்தே கிடந்தவர்களைவிட முடிந்த அளவு நடமாடியவர்கள் சீக்கிரம் தேறினார்கள் என்று பின்லாந்து ஆய்வு ஒன்று 1995-லேயே காட்டிவிட்டது. சரியான கட்டை எடுத்துப்போய்த் தவறான நோய்க்குக் கட்டச் சொல்வதற்குக் கட்டியவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

"ஆனா எனக்குக் கேட்டுதே?" என்பார் அவர். இந்த ஆட்சேபத்தைத் தள்ளிவிட முடியாது, உண்மையாகவே கேட்டிருக்கும். புதிதாகப் பிடிக்கும் இடுப்பு வலி பெரும்பாலும் ஆறு வாரத்துக்குள் தானாகவே வெகுவாகக் குறைந்துவிடும். முதல் வாரம் வலி உச்சத்தில் இருக்கும்போது டாக்டரிடம் போகிறார். குறையவில்லை, டாக்டர் மோசம். மூன்றாம் வாரம் தைலம், கொஞ்சம் தேவலை. ஆறாம் வாரம் புத்தூர், வலி போய்விட்டது. போகிற வலிக்கு வழியனுப்ப வந்தவர்தான் அதை விரட்டியவர் என்று பெயர் வாங்கிக்கொள்கிறார். டாக்டரை ஆறாம் வாரம் பார்த்திருந்தால் அந்த மாலை அவர் கழுத்தில் விழுந்திருக்கும். பத்தில் ஏழு பேருக்கு ஒரு வருடத்துக்குள் வலி மறுபடி வருகிறது. அப்போது, "கட்டு நல்லாத்தான் இருந்துச்சு, நான்தான் பத்தியம் தப்பிட்டேன்" என்று பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்வார். டாக்டருக்கு இந்தச் சலுகை ஒருநாளும் கிடைத்ததில்லை.

இன்னொரு ஆட்சேபத்தில் நியாயம் கூடுதல். தைலக்காரர் அரை மணி உட்கார்ந்து கேட்கிறார், முதுகில் கை வைக்கிறார், வீட்டு விஷயம் விசாரிக்கிறார். டாக்டர் அதில் ஒன்றையாவது செய்தாரா? செய்யவில்லை என்பதுதான் பெரும்பாலும் உண்மை. பயமும் தூக்கமின்மையும் வலியைப் பெருக்கும் என்பது இன்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. பரிவாகக் கேட்கும் காது வலியைக் கொஞ்சம் குறைத்தால் அதில் மாயம் ஏதுமில்லை. அந்த அரை மணிக்காக நம்மவர் போகட்டும். எழுந்து வரும்போது கையில் கொடுக்கப்படும் பெயரில்லாத பொடிதான் வம்பு. இப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்ததை மருத்துவ இதழ்கள் பலமுறை எழுதியிருக்கின்றன. டாக்டர் கொடுத்தால் தொடமாட்டேன் என்ற அதே மருந்தை, இலை வாசனையோடு, அளவும் தெரியாமல் சாப்பிடுகிறார்.

இத்தனைக்கும் இந்த ஊரில் இந்த வலிக்கு மருந்து கல்லிலேயே செதுக்கிக் கிடக்கிறது. தணிகை மலைக்கு ஆண்டின் நாட்களைப்போல 365 படி. 2024-இல் லான்செட் இதழில் வந்த ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று, இடுப்பு வலி வந்து தேறிய 701 பேரைப் பார்த்தது. சிறிது சிறிதாகக் கூட்டி வாரத்துக்கு ஐந்து நாள் அரை மணி நடக்கப் பழக்கப்பட்டவர்களுக்கு வலி மறுபடி வர சராசரியாக 208 நாள் ஆயிற்று, மற்றவர்களுக்கு 112. படி ஏறுவதும் தரையில் நடப்பதும் ஒன்றில்லை என்று யாராவது திருத்துவார்கள். ஒப்புக்கொள்கிறேன், வலி உச்சத்தில் இருக்கும்போது படியில் கால் வைக்க வேண்டாம், மலையடிவாரத்தைச் சுற்றினாலே போதும். ஆனால் நம்மவர் என்ன செய்கிறார்? ஒவ்வொரு கிருத்திகைக்கும் மலைப்பாதை வழியே ஆட்டோவில் மேலே போய், பெல்ட்டோடு சன்னிதியில் நின்று, 'வலி தீர்ந்தா படியேறி வரேன் சாமி' என்று வேண்டிக்கொள்கிறார். மருந்தை நேர்த்திக்கடனாக்கி, நோய் தீர்ந்தபின் சாப்பிடுவதாக ஒப்பந்தம்.

வீட்டம்மாவுக்கும் இடுப்பு வலி உண்டு. ஆண்களைவிடப் பெண்களுக்கே இது அதிகம் என்று கணக்குகள் சொல்கின்றன. அந்த அம்மாள் டாக்டரை நம்புகிறாரா இல்லையா என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. குடம் தூக்கும் நேரம் போக அபிப்பிராயத்துக்கு நேரம் மிஞ்சவில்லை. ஆனால் கவனிக்க வேண்டியதைக் கவனிக்கக்கூடியவர் அவர்தான். சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ தெரியாமல் போனாலோ, காலில் பலம் குறைந்தாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, சாயங்காலக் காய்ச்சலும் எடைக் குறைவும் சேர்ந்து வந்தாலோ, விலாவிலிருந்து அடிவயிற்றுக்கு வலி அலையலையாக இறங்கினாலோ, இதுவரை சொன்ன தத்துவம் எதுவும் செல்லாது. முதுகெலும்பில் காசநோய் நம் நாட்டில் அபூர்வமில்லை. அதை வழித்துவிட்டுப் பயனில்லை, மிதித்தால் ஆபத்து. அன்றைக்கும் நம்மவர் சட்டையைப் போட்டுக்கொண்டு புத்தூர் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பார். பதில் சொல்லாமல் ஆட்டோவை வரவழைத்து, அரசு ஆஸ்பத்திரிக்கு விடச் சொல்ல வேண்டும். ரொம்ப முரண்டு பிடித்தால், அவர் விலை மாட்டு விலையைவிடக் கொஞ்சம் அதிகம் என்று சொல்லிப் பார்க்கலாம்.