ரஸ்க்கைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள்

எம்.பி.ஏ. கடைசி செமஸ்டருக்கு ‘திருநெல்வேலி வட்டாரத்தில் பேக்கரித் தொழிலின் வெற்றிக் காரணிகள்: ஓர் ஆய்வு’ என்று தலைப்புப் பதிந்துவிட்டீர்களா? அப்படியானால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி பைண்டிங். இரண்டுக்கும் நடுவே கொஞ்சம் பக்கங்களை நிரப்ப வேண்டும், அவ்வளவுதான். இதில் சொல்லியிருக்கிறபடி நடந்தால், ஒரு பேக்கரி எப்படிப் பிழைக்கிறது என்பது கடைசிவரை தெரியாமலே முதல் வகுப்பில் தேறிவிடலாம்.

முதலில் நேரம். களப்பணிக்குக் காலை பதினோரு மணிதான் உத்தமம். வெயில் ஏறியிருக்கும், கூட்டம் வடிந்திருக்கும். கல்லாவில் இருக்கிற அண்ணாச்சி பேப்பரை மடித்து வைத்துவிட்டு, பேச யாராவது வரமாட்டார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பார். தப்பித்தவறியும் விடியற்காலை நாலு மணிக்குப் போய்விடாதீர்கள். அந்த நேரம் முன்கதவு சாத்தியிருக்கும். பின்கட்டில் முழங்கைவரை மாவோடு நாலு பேர் நிற்பார்கள், உங்களை ஏறிட்டும் பார்க்க மாட்டார்கள். இரவு பத்து மணியும் வேண்டாம். கண்ணாடி அலமாரியில் என்ன மிச்சம் இருக்கிறது என்று அப்போது கண்ணில் பட்டுவிடும். பட்டால் யோசனை வரும். யோசனை வந்தால் புராஜெக்ட் தாமதமாகும்.

அடுத்தது வினாத்தாள். ‘இக்கடைப் பொருள்களின் தரம் குறித்துத் தங்கள் கருத்து’ என்று ஆரம்பித்து, ‘மிக நன்று’ முதல் ‘மிக மோசம்’ வரை ஐந்து கட்டம் போடுங்கள். நூறு பேரிடம் நிரப்ப வேண்டும். ஜங்ஷன் பக்கம் ஒரு பேக்கரி வாசலில் நின்றால் ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒவ்வொருவருக்கும் ஒரு கையில் டீ, மறு கையில் முட்டை பப்ஸ். பேனா பிடிக்க மூன்றாவது கை இல்லாததால் நீங்களே படித்துக் காட்டி நீங்களே டிக் அடிப்பீர்கள். டீ ஆறுவதற்குள் உங்களை அனுப்பிவிட வேண்டும் என்பதற்காக எல்லாரும் எல்லாவற்றுக்கும் ‘மிக நன்று’ என்பார்கள். 94 சதவீத வாடிக்கையாளர் திருப்தி என்று வட்ட வரைபடம் போட்டுவிடலாம். நம்மூரில் பேக்கரி என்பது பாதி டீக்கடை என்பதையும், டீக்கு நிற்கிற ஆள்தான் பப்ஸுக்குக் கைநீட்டுகிறார் என்பதையும் எந்தக் கட்டத்திலும் போட இடமில்லை. விட்டுவிடுங்கள்.

பிறகு உரிமையாளர் நேர்காணல். ‘உங்கள் வெற்றியின் ரகசியம் என்ன?’ என்று கேளுங்கள். உலகத்தில் எந்த வியாபாரியும் பதில் சொல்லாத கேள்வி என்பதால் அது பாதுகாப்பானது.

“ரகசியம் என்னவே ரகசியம்? வெள்ளன எந்திரிக்கணும், கடன் குடுக்கக் கூடாது. டீ குடிக்கீரா?”

இதை அப்படியே எழுதினால் வழிகாட்டிப் பேராசிரியர் ஏற்க மாட்டார். ‘அர்ப்பணிப்புள்ள தலைமை, விவேகமான கடன் கொள்கை, வாடிக்கையாளர் உபசரிப்பு’ என்று மொழிபெயர்த்துக்கொள்ளுங்கள். டீக்கு அவர் காசு வாங்க மாட்டார். அதை ஆய்வின் வரம்புகள் என்ற பகுதியில் குறிப்பிட வேண்டிய அவசியமில்லை.

பலம், பலவீனம் அட்டவணை கட்டாயம். பலவீனத்தில் கோதுமையைப் போடலாம். தாமிரபரணிப் பாசனத்தில் நெல்லும் வாழையும் விளையும், கோதுமை விளையாது. மைதாவுக்கு வேண்டிய கோதுமை முழுக்க வெளியிலிருந்து வர வேண்டும். பலம் என்ன என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: தண்ணி. பொதிகையில் பிறந்து, பாபநாசத்தில் இறங்கி, சுமார் 128 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயலில் கடலில் விழுகிற ஆறு, இந்த ஊரில் எல்லா ருசிக்கும் ஜாமீன். அல்வா நன்றாக இருந்தால் ஆற்றுத் தண்ணீர். பன் மிருதுவாக இருந்தாலும் அதே. சரியில்லை என்றால் மாஸ்டர் மாறிவிட்டார்.

இந்தக் கொள்கைக்கு இடைஞ்சலாக ஒரு பண்டம் இருக்கிறது, அதைப் பேச்சிலேயே எடுக்காதீர்கள். வல்லநாட்டிலிருந்து குழாய் வழியாக இதே ஆற்றுத் தண்ணீர் தூத்துக்குடிக்குப் போகிறது. அந்த ஊரின் பெயரை நாலு இடத்தில் சொல்லவைத்த பேக்கரிப் பண்டம் மக்ரூன். முட்டை வெள்ளைக்கரு, சீனி, முந்திரிப் பருப்பு, அவ்வளவுதான் சேர்மானம். கலவையில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. வெள்ளையை மட்டும் எடுத்துவிட்டால் மஞ்சள் கரு எங்கே போகிறது என்று கேட்கத் தோன்றும். கேட்காதீர்கள். அந்தக் கேள்வியின் வாலைப் பிடித்துக்கொண்டு போனால் லாபக் கணக்கு வந்துவிடும்.

தண்ணீரைப் பற்றி மாஸ்டரிடம் கேட்டாலும் ஏமாற்றம்தான். அவருக்கு அதன் ருசியைவிடக் குளிர்ச்சிதான் கவலை. சித்திரை வெயிலில் ஈஸ்ட் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே பொங்கிவிடும். அதற்குத்தான் ராத்திரியில் பிசைகிறார், ஈஸ்டைக் குறைக்கிறார், வேண்டியிருந்தால் ஐஸ் தண்ணீர் விடுகிறார். இதையெல்லாம் எழுதினால் உங்கள் ஆய்வு உணவு அறிவியல் துறைக்குப் போய்விடும்.

வரலாற்று அத்தியாயம் இல்லாமல் ஆய்வேடு கனக்காது. ரேனியஸ் பாதிரியார் பாளையங்கோட்டைக்கு வந்தது 1820-ல். வந்தவர் வேதம் சொன்னார், தமிழுக்கு இலக்கணம் எழுதினார். அவருடைய பெட்டியில் ஒரு கேக் டின்னையும் நீங்கள் வைத்துவிட்டால் ‘நெல்லையில் பேக்கரியின் தோற்றம்’ தயார். தலசேரியில் மாம்பள்ளி பாபு 1883-ல் கிறிஸ்துமஸ் கேக் சுட்ட கதையைக் கேரளத்தார் பெருமையாகச் சொல்வார்கள். ஒரு வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த கேக்கைக் காட்டி, இதேபோலச் செய் என்றாராம். ருசித்துப் பார்த்தே செய்துவிட்டார் பாபு. கேள்வித்தாள் எதுவும் கொடுத்ததாகத் தகவல் இல்லை.

பாளையங்கோட்டையிலும் நாசரேத்திலும் டிசம்பரில் பேக்கரிகள் என்ன பாடுபடுகின்றன என்பதைப் பார்க்க வேண்டுமானால் டிசம்பரில் போக வேண்டும். உங்கள் புராஜெக்ட்டோ வெயில் காலத்தில். ஆகையால் மேலப்பாளையத்துக்கு நோன்பு மாதம், டவுனுக்கு ஆனித் தேரோட்டம், பாளைக்குக் கிறிஸ்துமஸ் என்று ஒரே ஊர் மூன்று காலண்டரில் தின்கிறது என்பதை விட்டுவிட்டு, ‘பருவகாலத் தாக்கம் காணப்படவில்லை’ என்று எழுதுங்கள்.

இப்போது எல்லா மாணவர்களும் ஆசையோடு போய் விழுகிற இடம். நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே கீழ ரத வீதியில் இருட்டுக்கடை. பேக்கரி அல்ல, ஆனாலும் உங்கள் ஆய்வில் அது வந்தே தீரும். திருநெல்வேலியைப் பற்றி எழுதிவிட்டு அதை விட்டால் தேர்வாளர் பக்கத்தைக் காணோம் என்பார். பெயர்ப் பலகை இல்லை, பளபளப்பு இல்லை, விளம்பரம் இல்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் திறந்து, சரக்குத் தீர்ந்ததும் சாத்திவிடுகிற கடை. உங்கள் பாடப்புத்தகம் செய்யச் சொன்ன எதையும் செய்யாமல் நூறு வருடத்துக்கு மேல் ஓடியிருக்கிறது. பாடப்புத்தகம் தோற்றது என்று எழுதக் கூடாது. ‘பற்றாக்குறை உத்தி’ என்று எழுதினால் இரண்டு பேரும் ஜெயித்ததாகிவிடும். (அல்வா கொடுப்பது பற்றிய ஜோக்கை மட்டும் தவிருங்கள். ஊரில் எல்லாரும் கேட்டாயிற்று.)

அந்தக் கடையிலிருந்து பேக்கரிக்குப் பாடம் எடுக்க முயல்வது ஆபத்து. சம்பா கோதுமையை ஊறவைத்து, அரைத்து, பால் எடுத்து, புளிக்கவிட்டு, சீனியும் நெய்யும் ஊற்றிக் கிண்டிய பண்டம் நாள்கணக்கில் தாங்கும். கிண்டிய அளவு விற்றதும் கதவைச் சாத்திவிட்டுப் போகலாம். பன்னுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சுட்ட அன்றைக்கு ராஜா, மறுநாள் கல். ஃபிரிட்ஜில் வைத்தால் வெளியே இருப்பதைவிடச் சீக்கிரம் விறைக்கும், ஏனென்றால் குளிரில் மாவுச்சத்து மறுபடி இறுகுகிறது. போதாக்குறைக்கு, காலி அலமாரியில் யாரும் வாங்க மாட்டார்கள். தட்டில் இரண்டே பப்ஸ் இருந்தால், அவை சூடாகவே இருந்தாலும், வருகிறவர் காலையில் போட்டது போல என்று நினைத்துத் தாண்டிப் போவார். ஆகவே ராத்திரி ஒன்பது மணிக்கும் அலமாரி நிறைந்தே தெரிய வேண்டும். நிறைந்து தெரிந்தால் மிஞ்சத்தான் செய்யும். மிஞ்சுவது இந்தத் தொழிலில் கணக்குப் பிழையே அல்ல, கடை நடத்துகிற செலவு. இதை நீங்கள் கவனித்துவிட்டால் வினாத்தாளை முழுக்கக் கிழித்துப் போட வேண்டியிருக்கும். கவனிக்காதீர்கள்.

அதைவிட மோசம் அடுப்பு. பழைய செங்கல் அடுப்பு இன்னும் எரிகிற பேக்கரி ஏதாவது கிடைத்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். உள்ளே விறகைப் போட்டு எரித்து, கங்கை ஒதுக்கிவிட்டு, அடுப்பு குடித்து வைத்திருக்கிற சூட்டிலேயே சுடுவது அந்த முறை. முதல் சூட்டில், 200 டிகிரிக்கு மேல், பிரட். கொஞ்சம் தணிந்ததும் தேங்காய் பன்னும் கேக்கும். இன்னும் தணிந்தால் பிஸ்கட். எல்லாம் முடிந்து அடுப்பு சும்மா வெதுவெதுவென்று கிடக்கும்போது, துண்டு போட்ட ரொட்டியைத் தட்டில் அடுக்கி உள்ளே தள்ளிவிட்டுத் தூங்கப் போவார்கள். காலையில் ரஸ்க். விற்காத ரொட்டி, வீணாகிற சூடு, ஆள் தூங்குகிற நேரம் மூன்றும் சேர்ந்து, மாதக்கணக்கில் கெடாத ஒரு பண்டமாகிவிடுகிறது. கேக் வெட்டிய ஓரங்களும் தூளும் இதேபோல வேறொரு உருண்டைக்குள் புகுந்து மறுநாள் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும். இப்போது பல கடைகளில் ரஸ்க்குக்கென்றே தனி மாவு பிசைகிறார்கள், மின்சார ஓவன் வந்துவிட்டது என்பதும் உண்மைதான். ஆனால் மிஞ்சினதை என்ன செய்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். நல்ல பேக்கரிக்காரர் அரை மணி நேரம் பேசுவார். நொடிந்துபோகப் போகிறவர், “எங்க கடையில மிஞ்சாது தம்பி” என்பார்.

கேட்டுவிடாதீர்கள். கேட்டால் ஒரே கேள்வியில் ஆய்வு முடிந்துபோகும். எண்பது பக்கத்துக்கு எங்கே போவீர்கள்?

அரசுக் கொள்கை அத்தியாயம் சுலபம். உரிமத்தின் 14 இலக்க எண், பிரட்டில் பொட்டாசியம் புரோமேட்டுக்கு 2016-ல் வந்த தடை, 2022 முதல் கொழுப்பில் டிரான்ஸ் ஃபேட் இரண்டு சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்ற விதி என்று வரிசையாக அடுக்கலாம். சிரிக்க ஏதாவது வேண்டுமென்றால் வரியைத் தொடுங்கள். 2024 செப்டம்பரில் கோவையில் ஓர் ஓட்டல்காரர் நிதியமைச்சரிடமே முறையிட்டார்: பன்னுக்கு வரி கிடையாது, அதற்குள் கிரீம் வைத்தால் 18 சதவீதம்; வருகிறவர் இரண்டையும் தனித்தனியாகக் கொடு, நானே தடவிக்கொள்கிறேன் என்கிறார். நாடே சிரித்தது. பிறகு அவர் மன்னிப்புக் கேட்கிற வீடியோ வந்தது, அப்போது சிரிப்பு வேறு மாதிரி ஆயிற்று. 2025 செப்டம்பர் 22 முதல் கேக்குக்கும் பிஸ்கட்டுக்கும் வரி ஐந்து சதவீதமாக இறங்கிவிட்டது. உங்கள் சீனியரின் ஆய்வேட்டிலிருந்து காப்பி அடிப்பதாக இருந்தால் அந்த ஒரு எண்ணை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

முடிவுரையில் ‘தரம், விலை, சேவை ஆகிய மூன்றும் வெற்றிக்கு இன்றியமையாதவை’ என்று எழுதுங்கள். சிமென்ட் கடை, சலூன், பல் மருத்துவமனை எதற்கும் பொருந்துகிற வாக்கியம் என்பதால் இதுவரை யாரும் மறுத்ததில்லை. பரிந்துரையில் ‘சமூக ஊடகங்களைப் பயன்படுத்தலாம்’ என்று சேர்க்க மறக்க வேண்டாம். அண்ணாச்சி ஏற்கெனவே பயன்படுத்துகிறார். அவர் மகள் கேக் படங்களை ஸ்டேட்டஸில் போட்டு ஆர்டர் பிடித்துக்கொண்டிருப்பாள், நீங்கள் அவளிடம் வினாத்தாள் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

கடைசியாக வைவா. வெளியூரிலிருந்து வருகிற தேர்வாளர் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் புரட்டிவிட்டு இரண்டு கேள்வி கேட்பார். வெற்றிக்கு முக்கியக் காரணி எது? தாமிரபரணித் தண்ணீர் என்று சொல்லுங்கள், தலையாட்டுவார். அடுத்தது, நெல்லை எக்ஸ்பிரஸ் கிளம்புவதற்குள் அல்வா வாங்க முடியுமா? முடியும், ஆனால் கூட்டம் நெருக்கியடிக்கும். ஆகவே கடை திறப்பதற்கு முன்பே ஜூனியர் ஒருவனைக் கீழ ரத வீதி வரிசையில் நிறுத்திவிடுங்கள். அரை கிலோ போதும். ஒரு கிலோ என்றால் லஞ்சம் போல் தெரியும்.