ஞானஸ்நான வீட்டில் நாத்திகர் கவர்: ஒரு பூர்வாங்க ஆராய்ச்சி

இந்த ஆராய்ச்சியின் களம் நெய்யாற்றின்கரையில் தொடங்கி, பாறசாலை, இஞ்சிவிளை வழியாகக் களியக்காவிளையில் முடிகிறது. 1956 நவம்பர் 1 அன்று இங்கே மாநில எல்லை போட்டவர்கள் விளவங்கோடு தாலுகாவைச் சென்னை மாநிலத்துக்கும் நெய்யாற்றின்கரையைக் கேரளத்துக்கும் கொடுத்தார்கள். சம்பந்தம் செய்துகொண்ட குடும்பங்களை அவர்களால் பிரிக்க முடியவில்லை. ஆகவே பாறசாலையில் ஒரு பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்றால், இந்தப் பக்கத்துக் கம்யூனிஸ்ட் சகாவும் அந்தப் பக்கத்துக் கறுப்புச் சட்டைக்காரரும் பந்தியில் அடுத்தடுத்து உட்கார வாய்ப்புண்டு. இருவருக்கும் கடவுள் இல்லை. பிரியாணியை இரண்டாம் முறை வாங்குவதிலும் கருத்து வேறுபாடு இல்லை. இவர்களுடைய சட்டைப் பையில் இருக்கும் கவரே நம் ஆய்வுப் பொருள்.

முன்னோடிகளை முதலில் பார்ப்போம். கிறிஸ்தவப் பிள்ளை பார்க்கப் பரிசோடு வந்த முதல் வேற்று மதத்தார், மத்தேயு சொல்லும் கீழ்த்திசை ஞானிகள்தாம். பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் கொண்டுவந்தார்கள். எத்தனை பேர் வந்தார்கள் என்று மத்தேயு சொல்லவில்லை. மூன்று பொருள், எனவே மூன்று ஆள் என்பது பின்னால் வந்தவர்களின் கணக்கு. கவர் மேல் பெயர் எழுதாவிட்டால் இப்படித்தான் ஆகும். பதினாறு, பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் காம்பில் அப்போஸ்தலர் உருவம் வைத்த வெள்ளிக் கரண்டி கொடுத்தார்கள். வசதியுள்ளவர் பன்னிரண்டு கரண்டியும் கொடுப்பார். இல்லாதவர் ஒரே அப்போஸ்தலரோடு நிறுத்திக்கொள்வார்.

நாத்திகர் தரப்பில் திருவல்லாவில் பாதிரியார் மகனாகப் பிறந்து இலங்கையில் வாழ்ந்த ஆபிரகாம் கோவூரைச் சொல்லவேண்டும். அற்புதம் செய்து நிரூபிப்பவருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று 1963-இல் அறிவித்தார். நாத்திகர் ஒருவர் மதத்தாருக்குக் கொடுக்க முன்வந்த தொகைகளில் நானறிந்த பெரிய தொகை இது. ஜெயித்து வாங்க ஒருவரும் வரவில்லை. 1978-இல் அவர் காலமாகும்வரை பணம் பத்திரமாக இருந்தது. சகாவின் ஐந்நூறு ரூபாய்க்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

இனித் திருச்சபைச் சட்டம். 1996-இல் உருவான நெய்யாற்றின்கரை மறைமாவட்டம் லத்தீன் வழிபாட்டைச் சேர்ந்தது. அதற்குப் பொருந்தும் 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின்படி, ஞானத்தந்தைக்குப் பதினாறு வயது நிறைந்திருக்கவேண்டும், உறுதிபூசுதல் பெற்ற கத்தோலிக்கராக இருக்கவேண்டும். சகா அந்த இடத்தை மறந்துவிடலாம். ஆனால் அதே தொகுப்பின் 861-ஆம் பிரிவு, ஆபத்து வேளையில் சரியான நோக்கமுள்ள எவரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்கிறது. அதாவது லோக்கல் கமிட்டிச் செயலாளர் பிள்ளையின் தலையில் தண்ணீர் ஊற்றலாம். பக்கத்தில் ஞானத்தந்தையாக நிற்கத்தான் கூடாது. 2017-இல் உருவான பாறசாலை மலங்கரைக் கத்தோலிக்க மறைமாவட்டத்துக்கோ 1990-ஆம் ஆண்டுக் கீழைச் சட்டத்தொகுப்பு. அங்கே ஆபத்து வேளையிலும் கிறிஸ்தவ விசுவாசிதான் ஊற்றவேண்டும். ரோட்டைக் கடந்து அடுத்த கோயிலுக்குப் போனால் சகாவின் அந்தஸ்து இறங்கிவிடுகிறது. மேலும் மலங்கரையில் ஞானஸ்நானம், தைலப்பூச்சு, நற்கருணை மூன்றையும் ஒரே நாளில் பிள்ளைக்குக் கொடுத்துவிடுகிறார்கள். மூன்றுக்கும் ஒரே கவர் போதும் என்பது ஊர் வழக்கு. பரிசைப் பற்றி இரு தொகுப்புகளும் வாய் திறக்கவில்லை.

அந்த மௌனத்தில்தான் தங்கம் நுழைகிறது. சிலுவை டாலர் கொள்கைக்கு ஒவ்வாது. பிள்ளை மோதிரம் மதச்சார்பற்றது. நகைக்கடைக்காரர் ரோஸ் தாளைப் பிரித்து, சுண்டுவிரல் நுனியில்கூட ஏறாத ஒரு வளையத்தைக் காட்டுவார். எட்டு கிராம் ஒரு பவன். கால் பவனுக்கு, அதாவது இரண்டு கிராமுக்கு, ஹால்மார்க் முத்திரை கட்டாயம். அதற்குக் கீழே விலக்கு. ஒரு கிராம் மோதிரத்தில் 916 இருக்கிறதா என்று கேட்டால், “நம்பி எடுங்க சாறே” என்பதே பதில். ஆதாரம் இல்லாமல் எதையும் ஏற்காதவர் முதன்முதலாக விசுவாசத்தால் ஒன்றைப் பெற்றுக்கொள்ளும் இடம் இதுதான்.

வாங்கியபின்தான் இன்னொரு சிக்கல். பிள்ளையின் அப்பா போன வருடம் பெந்தெகொஸ்தே சபைக்கு மாறியிருந்தால்? அங்கே ஞானஸ்நானம் வளர்ந்தவர்களுக்கு மட்டும், பிள்ளைக்குப் பிரதிஷ்டை. இப்பக்கத்துப் பெந்தெகொஸ்தேகாரர்கள் நகை போடுவதில்லை. மோதிரம் பெட்டியோடு திரும்பி வரும். இரட்சணிய சேனையாரோ 1883-லேயே ஞானஸ்நானத்தைக் கைவிட்டவர்கள். கொடிக்குக் கீழே பிள்ளையை ஒப்புக்கொடுப்பார்கள். சி.எஸ்.ஐ. வீட்டில் மோதிரத்துக்குத் தடையில்லை. விசுவாசிக்குத் தன் சபை ஒன்று தெரிந்தால் போதும். ஒரு கிராம் மோதிரம் வாங்கப்போன நாத்திகருக்கு எல்லாச் சபைகளின் இறையியலும் தெரிந்திருக்கவேண்டும். பாறசாலைப் பக்கத்தில் சபை வேறுபாடுகளைத் துல்லியமாக அறிந்தவர் யாரென்று என்னைக் கேட்டால் கட்சி ஆபீசுக்குத்தான் வழி சொல்வேன்.

ஆகவே கவர். இதிலும் மூலையில் ஒரு ரூபாய் நாணயம் ஒட்டியே விற்கிறார்கள். 501 மங்கலம், 500 வெறும் பணம். கறுப்புச் சட்டைக்காரர் அந்த நாணயத்தை நகத்தால் பெயர்த்து எடுத்துவிடுவதுண்டு. பெயர்த்த இடத்தில் வட்டமாகப் பசைத் தடம் நிற்கும். பிள்ளை வீட்டு அம்மச்சியின் கண்ணுக்கு அது பகுத்தறிவாகத் தெரியாது. ஒரு ரூபாயைத் திருடிக்கொண்டவன் என்றே தெரியும்.

கவரைத் தவிர்த்து நோட்டை நேராகப் பிள்ளையின் கையில் வைப்போரும் உண்டு. பிறந்து ஐந்தாறு மாதம்வரை உள்ளங்கையில் எது பட்டாலும் விரல்கள் தாமாக மூடிக்கொள்ளும். மருத்துவர்கள் இதை அனிச்சைச் செயல் என்கிறார்கள். பிள்ளை நூறு, ஐந்நூறு பேதம் பார்ப்பதில்லை. அம்மச்சி, “எதுக்கு மக்கா இதெல்லாம்?” என்று கேட்டுக்கொண்டே கட்டைவிரலில் தொடங்கி ஒவ்வொரு விரலாக விரித்து நோட்டை எடுத்துவிடுவார். கேள்வி முடியுமுன் எடுத்து முடிந்துவிடும் என்பது கவனிக்கத்தக்கது. வருமான வரிச் சட்டம் கல்யாணப் பரிசுக்குக் கொடுக்கும் விலக்கை ஞானஸ்நானத்துக்குக் கொடுக்கவில்லை. உறவல்லாதவர்கள் தந்தது ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் வரி உண்டு. பாறசாலைச் சகாக்களால் அந்த வரம்புக்கு ஆபத்து நேராது.

உண்மையான சிக்கல் ராத்திரியில் வருகிறது. ஒருவர் கவரைப் பிரித்துப் படிக்க, இன்னொருவர் நோட்டுப்புத்தகத்தில் பெயரும் தொகையும் எழுதுகிறார். எழுதுவது திருப்பிச் செய்வதற்காக. சகா வீட்டில் ஞானஸ்நானம் கிடையாது; இருபத்தெட்டாம் நாள் நூலுகெட்டு கிடையாது; கல்யாணமும் ரிஜிஸ்தர் ஆபீசில், சாயாவோடு முடிந்துபோனது. வங்கிக்காரர் பார்த்தால் வராக்கடன் என்று தள்ளிவிடுவார். அம்மச்சிகள் தள்ளுவதில்லை. கட்சி மாநாட்டுக்குப் பக்கெட் வசூல் வரும்வரை காத்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்துக்காரருக்கு ‘விடுதலை’ பத்திரிகைச் சந்தா. பக்கெட் வாசலுக்கு வந்ததும் நோட்டுப்புத்தகத்தைப் பார்த்து அதே தொகையைப் போட்டு, மேலே ஒரு ரூபாயும் சேர்க்கிறார்கள். பக்கெட்டுக்குள் விழுந்த நாணயத்தைப் பெயர்த்தெடுக்கச் சகாவுக்கு நகமும் போதாது, நேரமும் இல்லை. அடுத்த வீட்டுக்குப் போகவேண்டும்.