குவளையைக் கவிழ்த்துப் பார்ப்பவர்

முனிக் நகரின் மரியாஹில்ஃப் திடலில் ஆண்டுக்கு மூன்று முறை ‘ஆவர் டுல்ட்’ என்றொரு சந்தை கூடும். சட்டிபானைக் கடைகளைத் தாண்டிப் பழஞ்சாமான் வரிசைக்குப் போனால் அவரைப் பார்க்கலாம். மூடி போட்ட பழைய பீர்க்குவளை ஒன்றைக் கையில் எடுப்பார். அதன்மேல் வேட்டைக்காரர்கள் கும்மாளமடிப்பார்கள், விடுதிப் பெண் நுரை வழியப் பரிமாறுவாள், கிழவர் ஒருவர் நாற்காலியோடு சாய்ந்து விழுந்துகொண்டிருப்பார். அவர் கண் அதில் எதன்மேலும் நிற்காது. குவளையை அப்படியே கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்ப்பார், பெண் பார்க்க வந்த வீட்டில் ஜாதகத்தை மட்டும் கேட்கிற மாமாவைப் போல.

அடியில் ‘முஸ்டர்ஷுட்ஸ்’ என்று பொறித்திருக்கும். விவரமறியாத ஒருவர் பக்கத்தில் நின்று, “இந்தக் கம்பெனி நிறையக் குவளை செய்திருக்கிறது போலிருக்கிறதே” என்று சொன்னால் போயிற்று. “அது கம்பெனி இல்லை ஐயா, ‘வடிவமைப்பு உரிமை காக்கப்பட்டது’ என்று அர்த்தம்” என்பார். சொல்லும் குரலில் துக்கம் விசாரிக்கிற தொனி இருக்கும்.

நான் முதன்முதலாக அவர் வீட்டுக்குப் போனபோது, ஆங்கிலப் புத்தகம் படித்த தைரியத்தில், “உங்கள் ஸ்டைன்களைப் பார்க்கலாமா?” என்றேன். ஆங்கிலத்தில் ஸ்டைன் என்றால் பீர்க்குவளை. ஜெர்மனில் ஸ்டைன் என்றால் கல், குவளைக்கு க்ரூக் என்று பெயர். “கல் தோட்டத்தில் கிடக்கிறது. இங்கே இருப்பது க்ரூக்” என்றார். உள்ளே அழைக்க இரண்டு நிமிடம் யோசித்தார்.

சுவர் முழுக்க அலமாரி. ஒரு பக்கம் வெஸ்டர்வால்ட் வட்டாரத்துச் சாம்பலும் நீலமும் கலந்த குவளைகள். சூளை கொதிக்கும்போது உப்பை அள்ளிக் கொட்டுவார்களாம், அந்த ஆவி படிந்துதான் இந்த மெருகு. இன்னொரு பக்கம் மெட்லாக் ஊரில் வில்லெராய் அண்டு போக் ஆலையில் பிறந்தவை. ஹைன்ரிஷ் ஷ்லிட் என்ற ஓவியர் வரைந்த குள்ளர்கள் அவற்றில் கூத்தடிக்கிறார்கள். இவற்றைத் துடைக்க வீட்டில் வேறு யாருக்கும் அனுமதியில்லை. அந்தத் தடையை மீறும் எண்ணம் அவர் மனைவிக்கு ஒருநாளும் வந்ததில்லை.

குவளைகளில் எழுதியிருக்கும் வாசகங்களை அவரே வாசித்துக் காட்டுவார். ‘ஹாப்ஸையும் மால்ட்டையும் ஆண்டவன் காப்பாற்றட்டும்’ என்பது குடிகாரனின் குறும்புப் பிரார்த்தனை. இவர் வாயில் அது கிரயப் பத்திரத்தின் நான்கெல்லைபோல ஒலிக்கும். தலையில் துணியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பூனை வடிவக் குவளை ஒன்று உண்டு. ஜெர்மனில் ‘காட்டர்’ என்றால் கடுவன் பூனை, குடித்த மறுநாள் மண்டையிடிக்கும் அதே பெயர். எனக்கு உடனே சிரிப்பு வந்துவிட்டது. விளக்கம் முடியட்டும் என்று கையைக் காட்டி அடக்கினார்.

முனிக்கின் ஹோஃப்ப்ராய்ஹவுஸ் பீர்விடுதியில் பழைய வாடிக்கைக்காரர்கள் சொந்தக் குவளையைக் கம்பிக்கூண்டில் வைத்துப் பூட்டிப் பாதுகாப்பார்கள். அவர்களைப் பற்றி இவருக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. காரணம், அவர்கள் அதில் குடிக்கிறார்கள்.

முதல் உலகப் போருக்கு முந்திய ராணுவக் குவளைகள்தாம் அவருடைய உயிர். பட்டாளத்தில் கெடு முடிந்து ஊர் திரும்பும் சிப்பாய், தன் பெயர், படைப்பிரிவு, சகாக்களின் பெயர்கள் எல்லாம் எழுதிய குவளையை வாங்கிக்கொண்டு போவான். பலவற்றின் அடியில் மெல்லிய பீங்கான் தகடு பதித்திருக்கும். பீங்கான் கனம் குறைந்த இடத்தில் ஒளி ஊடுருவும், கனத்த இடத்தில் இருண்டு நிற்கும். பீரை முழுக்கக் குடித்துவிட்டு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால், காதலியிடம் விடைபெறும் சிப்பாய் தெரிவான். படம் பார்க்கிற சாக்கில் குடித்தவர்கள் எத்தனை பேரோ!

புதிதாக வாங்கிய ஒன்றை விளக்குக்கு நேரே பிடித்தார். சிப்பாய் இல்லை. துணியில்லாத ஒரு பெண் சாய்ந்து படுத்திருந்தாள். அவர் முகம் வாடிவிட்டது. அடியில் அம்மணப் பெண் தெரிந்தால் பிற்காலத்துப் போலி என்பது குவளை சேகரிப்பவர்கள் வட்டாரத்தில் பாலபாடம். அந்தக் காட்சியைக் கண்டு இவ்வளவு மனமுடைந்த ஆண்பிள்ளையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. என் தொண்டை காய்ந்து கிடந்தது. எதிரே இருந்த குவளையில், ‘ஊர் ஏக்கத்தைவிடத் தாகம் பொல்லாதது’ என்று எழுதியிருந்தது. எனக்கு இரண்டும் இருந்தன. ஜாடையாக அதை உரக்கப் படித்தேன்.

“உச்சரிப்பு பரவாயில்லை” என்றார்.

கடைசியில் மனைவிதான் இரக்கப்பட்டு ஒரு கண்ணாடித் தம்ளரில் சோடாத் தண்ணீர் கொண்டுவந்தார். கடுகு விழுது விற்கிற தம்ளர் அது, விழுது தீர்ந்ததும் கழுவி வைத்துக்கொள்வார்கள். மூன்று மணி நேரப் பாடம் கையில் ஏறியிருந்ததோ என்னவோ, வாங்கியதும் முத்திரை பார்க்கக் கவிழ்த்துவிட்டேன்.

கம்பளம் நனைந்ததைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதன்முறையாக என் தோளைத் தட்டிக்கொடுத்து, “அடுத்த டுல்டுக்கு என்னோடு வாருங்கள்” என்றார்.