மூன்று ஒத்து, ஒரு பை

கிளாஸ்கோவுக்கு வேலைக்குப் போனவன் வேலையை மட்டும் பார்த்திருக்க வேண்டும். ஓர் ஆகஸ்ட் மாதம் கிளாஸ்கோ கிரீன் மைதானத்தில் உலக பைப் பேண்ட் போட்டியை வேடிக்கை பார்க்கப் போனேன். திரும்பும்போது எனக்குள் ஏதோ புகுந்திருந்தது. அடுத்த வாரமே பயிற்சி வகுப்பில் சேர்ந்துவிட்டேன். முதல் ஒரு வருடம் பையே கிடையாது. பயிற்சிக் குழலை மட்டும் ஊத வேண்டும். பிறகுதான் முழு பேக்பைப்பைக் கையில் கொடுத்தார்கள். அன்றைக்கு என் மனைவி சொன்னது ஒன்றுதான்: "வாசிக்கிறதுன்னா பார்க்குல போய் வாசிங்க."

அவளைக் குறை சொல்ல முடியாது. மெதுவாக வாசிப்பது என்ற வசதியே இல்லாத வாத்தியம் இது. ஊதினால் நூறு டெசிபல், ஊதாவிட்டால் பூஜ்யம்.

அதைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வர நினைத்தது என் தப்பு. சித்தப்பா மகள் கல்யாணத்தில் வாசித்துக் காட்டும் ஆசை. சரக்கோடு போடலாமே என்பீர்கள். குழல்கள் ஆப்பிரிக்கக் கருமரம். தான்சானியாவிலும் மொசாம்பிக்கிலும் வளர்வது. தண்ணீரில் போட்டால் கல் மாதிரி மூழ்கும். அவ்வளவு கெட்டியான மரம் குளிரும் வறட்சியும் மாறி மாறி அடித்தால் வெடித்துவிடும். அதனால் கைக்குழந்தை போல மடியிலேயே வைத்துக்கொள்ள வேண்டும்.

கிளாஸ்கோ விமான நிலையத்தில் பயந்துகொண்டே பெட்டியை வைத்தேன். சோதனை செய்தவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "ரீட் எங்கே வாங்கினீங்க?" என்று கேட்டார். அவரும் வாசிப்பவராம். ஐந்து நிமிடம் ரீட் என்கிற சீவாளி பற்றியே பேசினோம். பின்னால் வரிசை நீண்டது. "காலுறையில் செருகுற கத்தியைக் கைப்பையில வெச்சுடலையே?" என்று மட்டும் கேட்டார். கில்ட் உடையோடு வரும் அந்தக் குட்டிக் கத்தியை இப்படி மறந்துவிட்டு மாட்டிக்கொள்பவர்கள் உண்டாம். என்னிடம் கில்ட்டே இல்லை. வேட்டிதான் இருந்தது.

விமானம் மாறிய ஊரில்தான் சனி பிடித்தது.

எக்ஸ்-ரேயில் பேக்பைப் எப்படித் தெரியும் என்று யோசித்துப் பாருங்கள். உலோக வளையம் போட்ட குழாய்த் துண்டுகள்: சுருதி பிடிக்கும் 'டிரோன்' குழல்களில் பெரியது மூன்று துண்டு, சின்னவை இரண்டிரண்டு துண்டு, ஊதுகுழல், விரல் வைத்து வாசிக்கும் சேன்ட்டர். நடுவில் வயிறு மாதிரி ஒரு பை. வயிற்றுக்குள் இன்னும் சில குழாய்கள். அவற்றுள் குருணை குருணையாக என்னவோ. ஊதும் மூச்சின் ஈரத்தை உறிஞ்சுவதற்கான சிலிக்கா அது. பூனைக்கு மலம் கழிக்கப் போடும் படிகத்தையே வாங்கி நிரப்பிக்கொள்ளும் சிக்கனக்காரர்களும் உண்டு; நான் அந்த ரகம்.

"என்ன இது?"

"பூனைக்கு... இல்லை, ஈரத்துக்கு."

அடுத்து ஒரு மஞ்சள் நூல்கண்டு. குழல் இணைப்புகளில் காற்று கசியாமல் சுற்றும் மெழுகு நூல். அதன் மேல் கொட்டை எழுத்தில் 'ஹெம்ப்' என்று அச்சிட்டிருந்தது. கஞ்சாச் செடியும் இந்த நாரைத் தரும் செடியும் ஒரே இனம் என்பதை அந்த இடத்தில் விளக்க முயன்றிருக்கக் கூடாது. முக்கால் மணி நேரம் ஓர் அறையில் உட்கார வைத்தார்கள்.

ஆனால் அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. பிரிட்டிஷ் அரசருக்கு எதிரான ஜாகோபைட் கலகத்தில் பிடிபட்ட ஜேம்ஸ் ரீட் என்ற பைப்காரர், 'நான் வாளே எடுக்கவில்லை, ஊத மட்டும்தான் செய்தேன்' என்று 1746-இல் யார்க் நீதிமன்றத்தில் வாதாடினார். பைப்காரன் இல்லாமல் ஹைலேண்ட் படை புறப்படுவதே இல்லை, ஆகவே பைப்பும் போர்க்கருவிதான் என்று சொல்லி அவரைத் தூக்கிலிட்டார்கள். எனக்கு முக்கால் மணி நேரத்தோடு போயிற்று. 2014-இல் கனடாவிலிருந்து அமெரிக்கா திரும்பிய இரண்டு இளைஞர்களின் பைப்புகளை, அவற்றில் தந்தம் இருந்ததென்று எல்லையில் பிடுங்கிவைத்துப் பிறகே திருப்பித் தந்தார்கள். என் பைப்பில் இருந்தது பிளாஸ்டிக். ஏழ்மைக்கும் ஒரு பலன் உண்டு.

கல்யாணத்தில் வாசித்தேனா என்று கேட்காதீர்கள். நாதஸ்வரக்காரர் என்னைப் பார்த்த பார்வை போதும்.

திரும்பும்போது சென்னை. சோதனையில் நின்ற பெரியவர் தமிழ்க்காரர். "இது குடியரசு தின விழாவுல மிலிட்டரிக்காரங்க ஊதறதுல்ல? இந்தக் குழாய் மூணும் எதுக்கு?" என்றார்.

"ஒரே சுருதியை விடாம பிடிச்சுக்கிட்டே இருக்கும் சார். நாதஸ்வரத்துக்கு ஒத்து மாதிரி."

"எங்க பெரியப்பா ஒத்து ஊதினவரு," என்று முகம் மலர்ந்தார். "ஒரு ஆளுக்கு மூணு ஒத்தா! எங்க ஆபீஸ்ல கூட அவ்வளவு கிடையாது. எங்க, வாசிச்சுக் காட்டுங்க."

பூட்டி, காற்றடைத்து, மூன்றையும் சுருதி சேர்ப்பதற்கே பத்து நிமிடம் வேண்டும் என்றேன். கேட்கவில்லை. பூட்டினேன். ஊதினேன். எங்கோ ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. நாலு பக்கமிருந்தும் சீருடைகள் ஓடி வந்தன. "நிறுத்துங்க சார், நிறுத்துங்க!" என்று பெரியவரே கத்தினார். உடனே வாயை எடுத்துவிட்டேன். வாயை எடுத்தால் நிற்குமா? பையில் இருந்த காற்று தீரும்வரை, கன்றைத் தேடும் எருமை போல அது கத்திக்கொண்டே இருந்தது. தேர்ந்தவர்கள் கையின் அழுத்தத்தை எடுத்துச் சட்டென்று நிறுத்துவார்கள். நான் அப்போது இரண்டாம் வருட மாணவன்.

இப்போதெல்லாம் ஊருக்கு வரும்போது பயிற்சிக் குழலை மட்டும் எடுத்து வருகிறேன். போன முறை சோதனையில் இருந்த பெண் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "புல்லாங்குழலா சார்?" என்று கேட்டார்.

"ஆமாம்மா," என்றேன்.